முப்பது மீட்டர் வரை முழங்கால் ஆழம்

சீட்டு எடுத்த மறுநாள் இரவு
சாப்பாட்டு மேசையில், ரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்
மால்டாவைத் திறந்து வைத்தோம்.
கைப்பேசியில் அது ஒரு ஜவ்வரிசி அளவு.
இரண்டு விரலால் விரித்தால்தான் தீவு.

ஜெசிந்தா அங்கே நர்ஸ்.
சூரமங்கலத்தில் என்னோடு சைக்கிள் மிதித்தவள்.
"ஜூன்ல வந்துருங்கடி,
ஜூலைன்னா வெயில்ல வெந்துடுவீங்க" என்கிறாள்,
சேலத்துக்காரியிடம்.

சென்னகிருஷ்ணன் நோட்டில் எழுதுகிறார்.
சேகோ கமிஷன் எழுதும் அதே நோட்டு.
மூட்டை, ஈரப்பதம், லாரி வாடகை,
பக்கத்தைத் திருப்பினால்
டயப்பர், பருப்புப்பொடி, குட்டிக் குக்கர்,
அதியனின் நெபுலைசர்.
அங்கேயும் பிளக்குக்கு மூன்று கால்தானாம்,
ஆனால் நம் மூன்று கால் இல்லையாம்.
அதை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அதியனுக்கு ஒன்றே முக்கால் வயது.
அஸ்தம்பட்டி ஸ்டூடியோவில்
கண்ணைத் திற என்றால் வாயைத் திறந்தான்.
பதினேழு படம் வீண்.
பதினெட்டாவதில்
ஏதோ களவில் பிடிபட்டவன்போல் நேராகப் பார்த்தான்.
பாஸ்போர்ட்டுக்கு அதுதான் செல்லும் என்றார்கள்.

நிறைமதிக்கு ஆறு.
அவளுக்குத்தான் சந்தேகம்.
"மணல் எப்படிம்மா இருக்கும்?"
அப்பாவோட களத்தில் காயுற ஜவ்வரிசி மாதிரி.
"அதை மிதிச்சா திட்டுவாங்களே?"
இதை மிதிக்கலாம்.
"கடல் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?"
தினமும் வரும்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப எதுல பிடிச்சு வெப்பாங்க?"
வாசலில் எங்கள் மூன்று நீல டிரம்கள்
மேட்டூர்த் தண்ணீருக்கு வாய் திறந்து நின்றன.
எனக்குப் பதில் வரவில்லை.

நோட்டில் எழுதாத ஒன்று உண்டு.
எனக்கு நீந்தத் தெரியாது.
அவருக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல்;
கிணற்றுக்கு நான்கு பக்கமும் சுவர்.
எல்லோரும் தூங்கியபின்
கடற்கரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.
பாறைக் கரை. வேண்டாம்.
ஏணி போட்டு இறங்கும் கரை. வேண்டவே வேண்டாம்.
கடைசியில் ஒன்று: நல்ல மணல்,
முப்பது மீட்டர் வரை முழங்கால் ஆழம்.

யாருடைய முழங்கால்?
எழுதியவன் ஆறடியோ என்னவோ.
மதியின் முழங்கால் என் கெண்டைக்காலுக்கு வரும்.
அதியனுக்கு முழங்கால் என்று
தனியாக ஒன்று இருக்கிறதா என்ன,
எல்லாம் மடிப்பு.

ஞாயிறு சாயங்காலம் தெருவில் இறங்கி அளந்தோம்.
இவரிடம் இருந்தது ஐந்து மீட்டர் டேப்.
ஆறு முறை வைக்க வேண்டும்;
மதி நுனியைப் பிடித்துக் குந்தினாள்.
கேட்டிலிருந்து ஆரம்பித்து
இஸ்திரி வண்டி தாண்டி,
சிவப்பு ஸ்கூட்டி தாண்டி,
டிரான்ஸ்பார்மர்.
"மறுபடி பாதாளச் சாக்கடையாங்க?" என்றார்
எதிர்வீட்டு மாணிக்கவாசகம்.
"இல்ல அங்கிள், கடல்" என்றாள் மதி.
"அப்படியா. நம்ம தெரு முழுக்க வருதா,
உங்க வரைக்கும்தானா?"

டிரான்ஸ்பார்மரடியில் நின்று திரும்பிப் பார்த்தேன்.
எங்கள் கேட் இவ்வளவு தூரமா.
அங்கே ஒருத்தி துண்டோடு உட்கார்ந்திருந்தால்
முகம் தெரியாது.
கூப்பிட்டால் கேட்கும். ஓடி வர
பத்து நொடி, நானாக இருந்தால் பதினைந்து.
தெரு முடியும் இடத்தில் ஏற்காட்டு மலை;
கொண்டை ஊசி வளைவில் ஒரு வண்டி
விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறியது.

"இதுக்கு அப்புறம்?" என்றாள் மதி.
இதுக்கு அப்புறம் நாம போறதில்லை.

அப்போது ஒரு புல்லட்
தெருவை அடைத்துக்கொண்டு வந்தது.
"அலை!" என்று கத்திக் குதித்தாள்.
என் இடுப்பிலிருந்த அதியன்,
யாரும் சொல்லித்தராமலே
இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டான்.

விசா வரவில்லை. டிக்கெட் போடவில்லை.
திரும்பி நடக்கையில்
இஸ்திரி வண்டி வரைக்கும்
நைட்டியின் ஓரத்தைக் கொஞ்சம்
தூக்கிப் பிடித்தபடியே வந்தேன்.